டோமினார் 400: பண்ணை ரூட்டுக்கும் கொல்லிமலைக்கும் ஒரே வண்டி

கோழிப்பண்ணைகளுக்கு மருந்து விற்பது என் வேலை. நாமக்கல்லில் கிளம்பினால் மோகனூர், பரமத்தி வேலூர், ராசிபுரம் என்று வாரம் முழுக்கச் சுற்றல். ஞாயிறு கிடைத்தால் கொல்லிமலை. தொடர்ந்து லீவு வந்தால் மனைவியோடு நெடும்பயணம். மூன்றுக்கும் தனித்தனி வண்டி வைத்துக்கொள்ள முடியாது என்பதால்தான் பஜாஜ் டோமினார் 400 வாங்கினேன். டூரிங் சாமான்களைக் கம்பெனியே மாட்டித் தர ஆரம்பித்த 2021 மாடல்.

வேகத்துக்கும் நெடும்பயணத்துக்கும் சேர்த்துச் செய்த ஸ்போர்ட்ஸ் டூரர் என்றாலே கவாசாகி நிஞ்சா 1000 மாதிரி நாலு சிலிண்டர் வண்டிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். 1043 சிசி, 19 லிட்டர் டேங்க், அருமையான வண்டி. ஆனால் அந்த விலைக்கு ஒரு காரே வாங்கிவிடலாம். டோமினாரில் இருப்பது 373.3 சிசி ஒற்றை சிலிண்டர். கேடிஎம் 390 டியூக்கின் எஞ்சின்தான் இதற்கு அடிப்படை. 2016 டிசம்பரில் வந்தபோது சக்தி 35 பிஎஸ் (குதிரைத்திறன்). 2019-ல் டபுள் கேம் (வால்வுகளை இயக்க இரண்டு கேம் ஷாஃப்ட்) வைத்து 40 ஆக்கினார்கள். டியூக்கின் துள்ளல் இதில் இல்லை. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. பின்னால் ஆளும் பையும் இருக்கும்போது, த்ராட்டிலைத் திருப்பினால் தூக்கியடிக்காமல் சீராக இழுத்துக்கொண்டு போக வேண்டும். அதை இந்த வண்டி அழகாகச் செய்கிறது.

கொல்லிமலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். காரவள்ளியைத் தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை. வளைவுக்கும் வளைவுக்கும் நடுவே பல இடங்களில் மூன்றாவது கியர் போடக்கூட நேரமிருக்காது. ஏறும்போது இரண்டாவது கியரிலேயே விட்டுவிடுவேன். 35 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவை, பார்த்துக்கொள்ளும். இறங்கும்போதுதான் ஸ்லிப்பர் கிளட்சின் அருமை தெரியும். வேகமாகக் கியரைக் குறைத்தாலும் பின்சக்கரம் குதிக்காது, கிளட்ச் லீவரும் இலேசு. முன்னால் 320 மி.மீ. டிஸ்க், இரண்டு சக்கரமும் பிரேக்கில் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் இரட்டை சேனல் ஏபிஎஸ். வளைவை முழுசாக அடைத்துக்கொண்டு பஸ் வரும்போது அந்த பிரேக்கை நம்பி நிற்கலாம். இடமும் வலமுமாகச் சட்டென்று சாய்ப்பதற்கு மட்டும் உடம்பு கொஞ்சம் உழைக்க வேண்டும். டூரிங் சாமான்களோடு 193 கிலோ அல்லவா? ஆனால் ஒருமுறை சாய்த்து லைன் பிடித்துவிட்டால் வளைவு முடியும்வரை அசையாது. மலைச்சாலைக்குப் புதியவர்களுக்கு அந்த அமைதி ரொம்ப உதவும்.

அப்புறம் நான்குவழிச் சாலை. நாமக்கல்லிலிருந்து கரூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி வழியாகக் கன்னியாகுமரி 400 கி.மீ.க்கு மேல். ஆறாவது கியரில் 90, 100 என்று வைத்துக்கொண்டால் நாள் முழுக்க அலுக்காமல் போகும். ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று பணகுடி, காவல்கிணறு பக்கம் பக்கவாட்டில் அறையும். மலையில் சாய்க்க உழைக்க வைத்த அதே எடை அங்கே நம்மைக் காப்பாற்றுகிறது. உயரமான விண்ட்ஷீல்டு நெஞ்சில் அடிக்கும் காற்றைத் தடுத்துவிடும், தலைக்கு மேலே கொஞ்சம் சத்தம் இருக்கும், அவ்வளவுதான். கயத்தாறு தாண்டி டீ குடிக்க நிறுத்தியபோது என் மனைவி சொன்னது: "ஏனுங்க, இந்த வண்டியில முதுகு வலிக்கவே இல்லீங்க." பின்சீட் அகலம், கேரியரோடு சாய்மானமும் உண்டு. எங்கள் வீட்டில் அடுத்த பயணத்துக்கு ஒப்புதல் கிடைப்பது அந்த சாய்மானத்தால்தான்.

சீட்டுக்கு அடியில் பை கட்ட எலாஸ்டிக் கயிறு மடித்து வைத்திருக்கிறார்கள். சின்ன விஷயம்தான், ஆனால் வார நாளில் மருந்துப் பெட்டியைக் கட்டுவதும் அதில்தான். யுஎஸ்பி சார்ஜர், லெக் கார்டு, எஞ்சினுக்கு அடியில் தகடு எல்லாம் கூடவே வந்துவிடுகின்றன.

"தம்பி, மைலேஜ் எவ்வளவு குடுக்குது?" என்றுதான் பண்ணைக்காரர்கள் எல்லோரும் முதலில் கேட்பார்கள். நெடுஞ்சாலையில் நிதானமாகப் போனால் 30-ஐ ஒட்டி வரும், மலையில் 25 பக்கம். அதனால்தான் 13 லிட்டர் டேங்க் போதவில்லை என்கிறேன். இவ்வளவு தூரம் சளைக்காமல் ஓடும் வண்டிக்கு இன்னும் மூன்று லிட்டராவது கூட வைத்திருக்க வேண்டும். குட்டையான ஆட்கள் குறுகலான பண்ணைச் சந்துக்குள் வண்டியைத் திருப்புவதும் சிரமம். சீட் உயரம் 800 மி.மீ.தான், எடைதான் பிரச்சினை. தினமும் நகர நெரிசலில் மட்டும் ஓட்டப் போகிறவர்கள் இதை விட்டுவிட்டு இலேசான வண்டியாகப் பார்ப்பது நல்லது.

பழைய வண்டியாக வாங்குகிறவர்கள் 2019-க்குப் பிறகு வந்ததாகவே தேடுங்கள். ஆர்சி புத்தகத்தைத் திறக்கும் முன்பே அடையாளம் தெரிந்துவிடும்: முன்சக்கரத்தைத் தாங்கும் தடித்த தலைகீழ் ஃபோர்க் (தடித்த குழாய் மேலே இருக்கும்), சைலன்ஸரில் இரட்டைக் குழாய். பழைய 35 பிஎஸ் வண்டி குறைந்த விலைக்கு வரும், ஓடவும் ஓடும். ஆனால் ஆளோடும் பையோடும் மலை ஏறுவதாக இருந்தால் அந்த விலை வித்தியாசத்தைக் கொடுத்துவிடலாம். செயின் ஸ்ப்ராக்கெட்டையும் கோன் செட்டையும் (ஹேண்டில்பார் திரும்பும் இடத்து பேரிங்) மெக்கானிக்கிடம் காட்டி, பின்னால் ஆளை உட்கார வைத்து ஒரு பத்து கிலோமீட்டராவது ஓட்டிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.