தாத்தா பெயரா, சாமி பெயரா, புதுப் பெயரா?

எங்கள் அப்பள வியாபாரத்தைக் கம்பெனியாகப் பதிவு செய்யும்போது வீட்டில் மூன்று பெயர்கள் அடிபட்டன. அப்பாவுக்குத் தாத்தா பெயர்தான் வேண்டும், அம்மாவுக்கு மீனாட்சி, எனக்கும் தம்பிக்கும் நாங்களே எழுத்துகளை ஒட்டிச் செய்த ஒரு மூன்றெழுத்துப் பெயர். கடைசியில் வைத்தது மூன்றெழுத்துதான், அதனால் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

சாமி பெயரும் ஊர்ப் பெயரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, வாயில் சட்டென்று வரும். ஆனால் மதுரை கீழமாசி வீதி மொத்தக் கடையில் போய் மீனாட்சி அப்பளம் என்றால் "எந்த மீனாட்சிண்ணே, சிவப்புக் கவரா பச்சைக் கவரா?" என்றுதான் கேட்கிறார்கள். ஊரை மட்டும் குறிக்கிற சொல்லை டிரேட்மார்க்காகப் பதிய 1999 சட்டத்தின் 9-வது பிரிவு பொதுவாக விடாது. ‘ராமாயண்’ என்ற ஊதுபத்திப் பெயர் வழக்கில் 2015-ல் சுப்ரீம் கோர்ட், புனித நூலின் பெயரை ஒருத்தர் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது என்றது. மதுரைப் பெயரையே வைத்த மதுரா மில்ஸ் 1974-ல் மதுரா கோட்ஸ் ஆகி, அதிலிருந்து வந்த ஆயத்த ஆடைப் பிரிவு ஆதித்ய பிர்லா குழுமத்துக்குப் போன பிறகும் ‘மதுரா’வை விடவில்லையே என்று கேட்கலாம். அது, மதுரா மில்ஸை ஊரார் ஹார்வி மில் என்று சொன்ன காலத்திலேயே ஊன்றிய பெயர். இன்றைக்குத் தொடங்குகிறவருக்கு அந்த இடம் காலியாக இல்லை.

தாத்தா பெயருக்கு நம்ம ஊரே சாட்சி. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911-ல் மதுரையில் தொடங்கியதுதான் டிவிஎஸ். எனக்குக் கவலை பாகப்பிரிவினைதான். நிலத்தை அளந்து பிரிக்கலாம், பெயரை எப்படிப் பிரிப்பது? ஜெர்மனியில் டாஸ்லர் சகோதரர்கள் ஒன்றாக ஷூ கம்பெனி நடத்திவிட்டு 1948-ல் பிரிந்தார்கள். இருவருக்கும் பொதுவான டாஸ்லர் என்ற பெயரை விட்டுவிட்டு அடால்ஃப் அடிடாஸ் என்று வைக்க, ருடால்ஃப் பூமா என்று போனார். அவர்களுக்காவது புதுப் பெயர் கிடைத்தது. இங்கே அதே டிரேட்மார்க் சட்டத்தின் 35-வது பிரிவுப்படி, ஒருத்தர் தன் சொந்தப் பெயரில் நேர்மையாகத் தொழில் செய்வதை நாம் தடுக்க முடியாது. தாத்தா பெயரையே வைத்திருக்கிற சித்தப்பா பையன் நாளைக்கே பக்கத்துத் தெருவில் அப்பளம் போட்டால் என்ன செய்வோம்? அப்போது நம் பெயரை மாற்றிக்கொள்வதும் லேசில்லை: கவர் அச்சடிக்க ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பிரிண்டிங் சிலிண்டர் செய்கிறோம், பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எழுத்து வருகிற சிலிண்டரையெல்லாம் மறுபடி செய்ய வேண்டும்.

ஒட்டிச் செய்த பெயரில் அப்பாவும் அம்மாவும் கேட்டதையும் உள்ளே வைக்கலாம் என்பதுதான் எனக்குப் பிடித்தது. கடலூர் சி.கே. ரங்கநாதன் குடும்பக் கம்பெனியிலிருந்து வெளியே வந்து 1983-ல் ‘சிக்’ என்று ஷாம்பு கம்பெனி தொடங்கினாரே, அது அவருடைய அப்பா சின்னி கிருஷ்ணனின் பெயர்தான். ஃபர்னிச்சர் விற்கிற ஐக்கியாவின் பெயரில் முதலாளி பெயரும் இருக்கிறது, அவர் வளர்ந்த பண்ணையும் ஊரும் இருக்கின்றன. கேமரா கம்பெனி கேனான் முதலில் குவானான், ஜப்பானியர் கும்பிடுகிற கருணை தேவி. அவ்வளவு தூரம் போவானேன், நம்ம அரவிந்த் கண் மருத்துவமனையின் லென்ஸ் தயாரிக்கும் ஆரோலேப், அதிலுள்ள ‘ஆரோ’ ஸ்ரீ அரவிந்தருடையது. எங்கள் மூன்றெழுத்திலும் தாத்தாவின் முதல் எழுத்து இருக்கிறது. அதைக் காட்டித்தான் அப்பாவிடம் சம்மதம் வாங்கினோம்.

குறையும் உண்டு. புதுப் பெயர் யார் மனதிலும் உடனே நிற்காது, ஒவ்வொரு கடையிலும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்களுக்கு இன்னும் பதிவுச் சான்று வரவில்லை, அதனால் போலி வந்தால் இந்தப் பெயர் எவ்வளவு தாங்கும் என்பதை அனுபவத்தில் சொல்ல முடியாது. மெஸ், மிட்டாய்க் கடை மாதிரி முதலாளி முகத்தைப் பார்த்து ஆள் வருகிற தொழிலுக்குத் தாத்தா பெயரே சரியாக இருக்கலாம், நான் அதைச் செய்து பார்த்தவன் இல்லை.

எந்தப் பெயரானாலும் சிலிண்டருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் டிரேட்மார்க் தளத்தில் உங்கள் பொருள் வருகிற வகுப்பில் (அப்பளத்துக்கு 30-வது) தேடிப் பாருங்கள். கம்பெனிக்கு உத்யம் சான்று (சிறுதொழில் பதிவு) இருந்தால் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், இல்லாவிட்டால் பொதுவாக 9,000. பதிவானால் 10 வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தை அண்ணன் பெயரிலோ தம்பி பெயரிலோ போடாமல் கம்பெனி பெயரிலேயே போடுங்கள்.