லீஸ் கார், சப்ஸ்கிரிப்ஷன் கார்: கிலோமீட்டர் கணக்கில் வரும் வயிற்றெரிச்சல்

க்ரெட்டா சைஸில் ஒரு வண்டி வேண்டும், கம்பெனி லீஸில் (வேலை பார்க்கும் கம்பெனி வாடகைக்கு எடுத்துத் தந்து, வாடகையை நம் சம்பளத்தில் கழிப்பது) போகலாமா, மாதச் சந்தாவிலா (சப்ஸ்கிரிப்ஷன்) என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டையும் ஓட்டிய அனுபவத்தில் சொல்கிறேன். டவுன் பேமென்ட் இல்லை, இன்சூரன்ஸும் சர்வீஸும் வாடகையிலேயே அடங்கும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். யாரும் நிதானமாகப் படிக்காதது, இவ்வளவுக்கு மேல் ஓட்டினால் கூடுதல் கட்டணம் என்று சொல்லும் கிலோமீட்டர் லிமிட் பக்கம்.

"வருடத்துக்கு 12,000" என்று சேல்ஸ் ஆள் சொல்வார். ஒப்பந்தத்தில் "மாதம் 1,000" என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். தாம்பரத்தில் வீடு, சிறுசேரியில் ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். போக வர சுமார் 60 கிலோமீட்டர். ஹைப்ரிட் வேலை, மாதம் 12 நாள் ஆபீஸ், மேலே கோயில், கடை எல்லாம் சேர்த்து 800. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் திருநெல்வேலி போய் வந்தால் அந்த இரண்டு மாதமும் 1,900-ஐத் தொடும். வருடக் கூட்டல் 11,800. வருட லிமிட் என்றால் ஒரு பைசா அபராதம் கிடையாது. மாத லிமிட் என்றால் பண்டிகை மாதங்களில் மட்டும் 1,800 கிலோமீட்டர் அதிகம். கிலோமீட்டருக்கு 10 ரூபாய் என்றால் 18,000. அதோடு முடிந்ததா? ஜிஎஸ்டி இருக்கிறதே!

டிரைவர் இல்லாமல் வாடகைக்கு விடும் காருக்கு, அந்தக் காரை விற்றால் என்ன ஜிஎஸ்டியோ அதே விகிதம்தான். 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள் இருக்கும் சின்ன பெட்ரோல் கார், 1,200 சிசி வரை, 18 சதவீதம். நான்கு மீட்டரைத் தாண்டும் க்ரெட்டா மாதிரி வண்டி 40. மின்சாரக் கார் 5. ஆக அந்த 18,000 க்ரெட்டாவில் 25,200 ஆகிவிடும். அதே கிலோமீட்டர், அதே வண்டி. கணக்குக் காலம் மட்டும்தான் வேறு. மற்ற பத்து மாதமும் மிச்சம் வைத்த தலா 200 கிலோமீட்டர் என்ன ஆச்சு என்று கேட்டால், "கேரி ஃபார்வர்ட் கிடையாது சார்" என்பார்கள். இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கம்பெனி லீஸில் இந்தத் தொல்லை குறைவு. காலம் முடிந்ததும் வண்டியைத் திருப்பித் தரும் ஆபரேட்டிங் லீஸில் பொதுவாக மூன்று, நான்கு வருடத்துக்கும் சேர்த்து ஒரே கணக்கு. வண்டியைத் திருப்பித் தரும்போது மீட்டர் பார்ப்பார்கள். கடைசியில், முன்கூட்டியே குறித்த விலைக்கு நாமே வாங்கிக்கொள்ளும் வகை லீஸ் என்றால் கிலோமீட்டர் பெரும்பாலும் பேச்சிலேயே வராது. ஓடித் தேய்வது நாம் வாங்கப்போகும் வண்டிதானே. வாடகை வரிக்கு முன்பே சம்பளத்தில் கழிவதால் 30 சதவீத வரி கட்டுகிறவருக்கு அது தனி லாபம். இன்ஜின் 1.6 லிட்டருக்கு மேலா கீழா என்பதைப் பொறுத்து ஒரு தொகை பெர்க்விசிட்டாக (கம்பெனி தரும் சலுகையின் மதிப்பாக) வரி கட்டும் வருமானத்தில் சேரும், அவ்வளவுதான்.

ஆனால் நடுவில் வேலையை விட்டால் லீஸ் கழுத்தைப் பிடிக்கும். மீதி அசல், முன்கூட்டியே முடிப்பதற்கான ஃபோர்க்ளோஷர் கட்டணம், அதன்மேல் ஜிஎஸ்டி எல்லாம் ஃபைனல் செட்டில்மென்ட்டிலேயே கழிந்துவிடும். புது கம்பெனிக்கு அதே லீஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். சந்தாவில் லாக்-இன் (கட்டாயம் வைத்திருக்க வேண்டிய குறைந்தபட்சக் காலம்) முடிந்ததும் நோட்டீஸ் கொடுத்துச் சாவியை நீட்டிவிட்டு வந்துவிடலாம். அந்த நிம்மதிக்கு விலை உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

கையெழுத்துக்கு முன் எழுத்தில் வாங்க வேண்டியவை சில. லிமிட் மாதமா, வருடமா, மொத்தக் காலத்துக்கா? அதிகக் கிலோமீட்டர் கட்டணம் ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா? நடுவில் பெரிய ஸ்லாபுக்கு, அதாவது கூடுதல் கிலோமீட்டர் திட்டத்துக்கு, மாற முடியுமா? மாதம் 1,000-லிருந்து 1,500-க்கு மாறக் கேட்கும் கூடுதல் வாடகையை 500-ஆல் வகுத்துப் பாருங்கள். அபராத விலையில் பாதிக்குக் கீழே வந்தால் யோசிக்காமல் மாறலாம், ஆனால் தேவைப்படும் மாதங்களுக்கு மட்டும் மாற விட்டால்தான் லாபம்.

டெலிவரி அன்று ஓடோமீட்டரைத் தேதி தெரியப் படம் எடுத்து, கைமாற்றுப் படிவத்திலும் அதே எண்ணை எழுத வையுங்கள். சந்தாவில் வருவது புது வண்டியாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. சர்வீஸுக்கு அவர்கள் ஆள் வந்து எடுத்துப்போனால் போகும்போதும் வரும்போதும் மீட்டர் எண்ணைக் குறியுங்கள். அந்த ஓட்டமும் உங்கள் கணக்கில்தான் ஏறும், கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். டயர் தேய்ந்தால் சக்கரச் சுற்றளவு குறைந்து, அதே தூரத்துக்கு மீட்டர் ஒரு சதவீதம் போலக் கூடுதலாகவே காட்டும். 12,000-க்கு நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர். இதற்கு யாரும் கழிவு தரமாட்டார்கள், ஆனால் லிமிட் ஓரத்தில் ஓட்டுகிறவர் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது.

கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து என்றால் அது வாடகைப் பதிவு. மாநில எல்லை தாண்டும் பெர்மிட்டும் வரியும் யார் பொறுப்பு என்று கேட்டுவிடுங்கள். சென்னையில் இருப்பவர்கள் இன்சூரன்ஸில் இன்ஜின் ப்ரொடெக்ட் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால் சாதாரண பாலிசி கைவிரித்துவிடும், பில் சந்தாதாரர் தலையில்.

கணக்குப் போட்டால் நண்பருக்கு லீஸ்தான் சரி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எனக்கு என்று கேட்டால் அடுத்ததும் சந்தாதான், வருட லிமிட் தருகிற இடத்தில். வேலை எத்தனை நாள் நிலைக்கும் என்று தெரியாத காலத்தில் மூன்று வருடக் கையெழுத்துப் போட மனசு வரவில்லை.