செம்பு என்று சொல்லி விற்ற கம்பி

பணகுடிப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றடியில் சின்னதாக ஒரு காற்றாடி நிறுத்தி, 12 வோல்ட் பேட்டரியில் விளக்கெரிக்கலாம் என்று இறங்கினேன். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்றைச் சும்மா விடுவானேன்? காந்தம், பழைய கார் ஹப், மரத்தில் செதுக்கிய இறக்கை எல்லாம் ஒழுங்காக அமைந்தன. கெடுத்தது கம்பி.

டவுனில் ஒரு கடையில் மின்சாரம் எடுக்கும் காயில் (கம்பிச்சுற்று) சுற்ற, எனாமல் பூசிய கம்பி 3 கிலோ வாங்கினேன். "ஒரிஜினல் செம்பு தம்பி, கண்ணை மூடிட்டு வாங்கிட்டுப் போங்க" என்றார் அண்ணாச்சி. மற்ற கடையைவிடக் கிலோவுக்கு 300 ரூபாய் குறைவு. 3 கிலோவுக்கு இவ்வளவு பெரிய சுருளா என்று வேறு மகிழ்ந்துபோனேன். அங்கேயே உறைத்திருக்க வேண்டும். அலுமினியத்தின் எடை செம்பில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. நான் வாங்கியது மேலே செம்பு பூசிய அலுமினியக் கம்பி.

9 காயில் சுற்றிப் பற்றவைத்தபோது இரண்டு மூட்டில் ஈயம் ஒட்டவே இல்லை. எனாமலைச் சுரண்டும்போது செம்புப் பூச்சும் சேர்ந்து போயிருக்கிறது. நான் ஈயம் ஒட்டுவதற்குத் தடவும் பிளக்ஸைத் திட்டிவிட்டு, முறுக்கிக் கட்டி, காயில்கள் அசையாமல் இறுகிப்போகும் ரெசின் பிசினை ஊற்றிவிட்டேன். கையால் சுற்றினால் மீட்டரில் வோல்ட் கச்சிதம். காட்டத்தானே செய்யும்! பேட்டரி, விளக்கு என்று லோடு இல்லாதபோது கம்பி செம்பா அலுமினியமா என்று வோல்ட்டுக்குத் தெரியாது. கரண்ட் ஓடினால்தான் குட்டு உடையும். அதே கனத்தில் இந்தக் கம்பியின் தடை செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, சூடும் அப்படியே.

ஆடி இரண்டாவது வாரம், ராத்திரி கருகல் நாற்றம். இறக்கிப் பார்த்தால் ரெசின் பழுப்பேறி வெடித்துக் கிடக்கிறது. வார்த்ததைப் பிரித்து மறுபடி சுற்றவா முடியும்? போதாக்குறைக்கு, சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரியைத் தாண்டினால் பலம் இழக்கும். என்னுடையதில் நாலைந்து, பழைய வேகத்தில் ஸ்பேனரை இழுப்பதில்லை.

கடைக்குப் போனேன். "பில்லுல செம்புன்னு போட்டிருக்கா?" என்றார். 'வைண்டிங் ஒயர்' என்று மட்டும்தான் இருந்தது.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே நுனியை வெட்டி, பிளேடால் ஆழமாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பில்லில் 'செம்பு' என்று எழுதி வாங்குங்கள்.

போன வாரம் வேறு கடையில் அதே 3 கிலோ வாங்கினேன். சுருள் பழையதில் பாதிகூட இல்லை.