இடித்த சுயே ஜியே வாங்கி ஏமாந்தோம்

சிங்கப்பூரில் சீன மருந்துக் கடைக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

போன மாதம் அப்பா படியில் கால் இடறி விழுந்தார். எலும்பு முறிவு இல்லை, ஆனால் கணுக்கால் நன்றாக வீங்கிவிட்டது. பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி, சுயே ஜியே தூளை அரிசி மதுவில் குழைத்துப் பற்றுப் போடச் சொன்னார். சுமத்ரா, போர்னியோ காடுகளில் வளரும் ஒரு வகைப் பிரம்பின் காயில் கசியும் சிவப்புப் பிசின் அது. டிராகன் பிளட் என்றால் சிலருக்குத் தெரியும். அடிபட்ட வீக்கத்துக்கும் ரத்தக்கட்டுக்கும் சீன வைத்தியத்தில் காலங்காலமாகக் கொடுப்பது.

சைனாடவுனில் ஒரு கடையில் கேட்டேன். கட்டி தீர்ந்துவிட்டது, இடித்ததுதான் இருக்கிறது என்றார்கள். 30 கிராம் 45 வெள்ளி. நல்ல செங்கல் நிறம், சந்தேகப்படத் தோன்றவில்லை. இரண்டு நாள் பற்றுப் போட்டதும் அப்பாவின் காலில் தோல் தடித்துக் கொப்புளம் கட்டிவிட்டது. அரிப்பில் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

பாட்டி வந்து பார்த்தார். வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகைத் தூளைப் போட்டு, தாள் பற்றாத உயரத்தில் கீழே லைட்டரைக் காட்டினார். தூள் இளகியதுமே எண்ணெய்க் கறை வட்டமாகப் பரவியது. பைன் மர வாசனை. அப்புறம் தன் வீட்டு டப்பாவிலிருந்து பழைய கட்டி ஒன்றை எடுத்து வந்தார். வெளியே இரும்பு மாதிரி கறுப்பு, சுரண்டினால் ரத்தச் சிவப்பு. அதற்கும் சூடு காட்டினார். உருகியது, ஆனால் எண்ணெய் பரவவே இல்லை. தாளை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தால் உருகிய இடம் பளிச்சென்று சிவந்து தெரிந்தது. புகை மூக்கைக் கமறியது.

எங்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் சாயம் ஏற்றிய பைன் பிசின். அது பலருக்குத் தோல் ஒவ்வாமை தரும். கிளினிக் டாக்டரும் அதைத்தான் சந்தேகப்பட்டார்.

கடைக்குத் திரும்பப் போனால், பிரித்த பொட்டலத்தை எடுக்க மாட்டோம் என்றார்கள். ரசீதில் 'மூலிகைத் தூள்' என்று மட்டும்தான் இருந்தது. காசு போகட்டும். எழுபது வயது தாண்டியவர் காலில் பூசுவதற்கு என்று சொல்லித்தானே வாங்கினேன்? அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

தயவுசெய்து கட்டியாகவே வாங்குங்கள். கண்ணெதிரே இடிக்கச் சொல்லுங்கள். ரசீதில் மருந்தின் பெயரையும் எடையையும் எழுதி வாங்குங்கள். பூசுவதற்கு முன் தாளில் சூடு காட்டிப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. சீனாவின் யூனான் மாநிலத்தில் டிராசினா என்ற மரத்திலிருந்து எடுக்கும் பிசினையும் இதே மாதிரிப் பெயரில் விற்கிறார்கள். அது போலி இல்லை, ஆனால் வேறு சரக்கு, எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்குப் புண் ஆறி வருகிறது. அந்தத் தூளில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. யாராவது தங்களிடம் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க நினைத்தால் கேளுங்கள், தருகிறேன்.