பல்லாரட்டில் ஒரு நாள்: சாவரின் ஹில்லா, யுரேகா கொடியா?

மெல்பர்னிலிருந்து ரயிலேறினால் ஒன்றரை மணி நேரத்தில் பல்லாரட். ஒரு நாள்தான் இருக்கிறது, எங்கே போகலாம் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் சாவரின் ஹில் என்பார்கள். குழந்தைகள் கூட வந்தால் நானும் அதையேதான் சொல்வேன்.

1970இல் திறந்த திறந்தவெளி அருங்காட்சியகம் அது. 1850களின் தங்க வேட்டை ஊரை அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். குதிரை வண்டி ஓடும், செஞ்சட்டைச் சிப்பாய்கள் துப்பாக்கி வெடிப்பார்கள், உருக்கிய தங்கத்தைக் கண்ணெதிரே வார்த்துக் காட்டுவார்கள். ஓடையோரம் குந்தித் தட்டில் மண் அலசலாம்; ஒரு துணுக்கு மின்னினால் அது உங்களுக்கே. விரல் விறைத்துப்போன பிறகும் பிள்ளைகள் எழுந்து வர மாட்டார்கள். ஆனால் நுழைவுக் கட்டணம் கையைக் கடிக்கும். அப்புறம், எவ்வளவு அழகாகச் செய்திருந்தாலும் செட்டுதானே என்ற நினைப்பு எனக்கு மட்டும் போகவே மாட்டேன் என்கிறது.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே, லிடியார்ட் தெருவில், 1884இல் தொடங்கிய பல்லாரட் ஓவியக்கூடம் இருக்கிறது. நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் காசு கிடையாது. அங்கே யூஜின் வான் கெரார்ட் வரைந்த பழைய பல்லாரட்டைத் தேடிப் பாருங்கள். 1853இல் தங்கம் தோண்ட வந்தவர் அவர். அப்போது கிறுக்கி வைத்த கோட்டோவியங்களைக் கொண்டு முப்பது வருடம் கழித்து இதைத் தீட்டினார். கூடாரங்களும் தோண்டிப் போட்ட மண்மேடுகளுமாக ஊர் விரிந்து கிடக்கிறது. சாவரின் ஹில்லைப் போல இதுவும் பின்னாளில் திரும்பக் கட்டிய ஊர்தான். ஆனால் கட்டியவர் அங்கேயே வாழ்ந்தவர்.

ஓவியக்கூடத்துக்குச் சொந்தமான யுரேகா கொடி இப்போது நகரின் கிழக்கே யுரேகா மையத்தில் இருக்கிறது. தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் உரிமக் கட்டணம் கட்டியாக வேண்டும் என்ற கெடுபிடியால் கொதித்துப்போன தங்கம் தோண்டும் தொழிலாளர்கள், 1854 டிசம்பர் 3 அதிகாலையில் அரசுப் படையோடு மோதினார்கள். சண்டை அரை மணி நேரம்கூட நீடிக்கவில்லை. தொழிலாளர்களில் இருபது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அவர்கள் ஏற்றிய கொடிதான் இது: நீலக் கம்பளித் துணி, வெள்ளைச் சிலுவை, ஐந்து நட்சத்திரங்கள். மங்கலான வெளிச்சத்தில் வைத்திருக்கிறார்கள். பார்த்ததும் கண்ணில் படுவது நட்சத்திரமல்ல, ஓட்டைதான். நினைவுக்கென்று ஆளாளுக்கு வெட்டி எடுத்துப் போனதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு துணியே இல்லை.

சாவரின் ஹில், கொடி இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சாவரின் ஹில்லுக்கு மட்டுமே அரை நாளுக்கு மேல் ஆகிவிடும். மிச்ச நேரத்தில் கொடியை ஓடிப்போய்த்தான் பார்க்க வேண்டியிருக்கும். பெரியவர்கள் மட்டும் போனால் காலையில் ஓவியக்கூடம், சாப்பிட்டுவிட்டுக் கொடி. கனத்த கோட்டு ஒன்றை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், பல்லாரட் குளிர் மெல்பர்ன் குளிர் அல்ல.