போன் முதுகில் ஒட்டும் இ-இங்க் திரை: பணம் கட்டும் முன் படியுங்கள்

போனின் பின்பக்கம் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் சின்ன இ-இங்க் திரைகளுக்கு (கிண்டிலில் இருப்பது போல, காகிதம் மாதிரித் தெரியும் கறுப்பு வெள்ளைத் திரை) இப்போது விளம்பரம் அதிகம். கிரவுட்ஃபண்டிங்கில், அதாவது பொருள் தயாராகும் முன்பே பலரிடம் பணம் திரட்டும் முறையில், முன்பணம் கட்டினால் பாதி விலையாம், கண் வலிக்காமல் படிக்கலாமாம், சார்ஜ் வாரக்கணக்கில் நிற்குமாம். அப்படி ஒன்றுக்குப் பணம் கட்டி, சொன்ன தேதிக்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் காத்திருந்து வாங்கினேன். அதே குழு இப்போது 'ப்ரோ' மாடலுக்கு வசூலைத் தொடங்கியிருக்கிறது. குழுவின் பெயரைப் போடவில்லை. கீழே இருப்பது இந்த வகைப் பொருள் எதை வாங்கினாலும் பார்க்க வேண்டிய விஷயம்.

திரை நிஜமான இ-இங்க்தான், அதில் பொய் இல்லை. நுண்ணிய உறைகளுக்குள் மின்னேற்றம் கொண்ட கறுப்பு, வெள்ளைத் துகள்கள் இருக்கும். மின்சாரம் கொடுத்தால் அவை மேலும் கீழும் நகரும், நிறுத்தினால் நின்ற இடத்திலேயே நிற்கும். துகள் நகர நேரம் பிடிக்கும், சில முழுதாக நகராமல் நின்றுவிடவும் செய்யும். அதனால் பக்கம் மாறும்போது திரை முழுக்க ஒருமுறை கறுத்து வெளுக்கும். அதைத் தவிர்த்தால் பழைய எழுத்து நிழலாகத் தங்கிவிடும். விளம்பர வீடியோவில் இந்த மினுக்கலும் இல்லை, நிழலும் இல்லை, செய்தித்தாள் புரட்டுவது போல பக்கம் ஓடுகிறது. எடிட்டிங்கில் ஒட்டிய படம் அது. கையில் வந்தது ஒவ்வொரு தட்டலுக்கும் யோசித்துத்தான் நகர்கிறது.

வெளிச்சமும் அப்படித்தான். அதே வீடியோவில் இருட்டறையில் ஒரு பெண் படுத்துக்கொண்டு படிக்கிறார், திரை மெலிதாக ஒளிர்கிறது. வந்த பொருளில் விளக்கே இல்லை. எடையைக் குறைப்பதற்காக எடுத்துவிட்டோம் என்று நடுவில் அனுப்பிய நீளமான அறிவிப்பில் ஒரே ஒரு வரி. பணம் எல்லாம் வசூலான பிறகு வந்த வரி.

நமக்கு முக்கியமானது தமிழ். 'எல்லா மொழிகளும்' என்று வசூல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். திரையில் ஒற்றைக்கொம்பு தன் எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கிறது, புள்ளி தனியாக மிதக்கிறது, கொ, கோ எல்லாம் சிதறிக் கிடக்கின்றன. தமிழ் ஃபாண்ட்டைப் போட்டுவிட்டால் மட்டும் போதாது. எந்தக் குறி எங்கே உட்கார வேண்டும் என்று ஒழுங்குபடுத்தும் மென்பொருளும் உள்ளே வேண்டும். சின்னக் கருவிகளில் இடம் மிச்சம் பிடிக்க அதைப் பல நேரம் விட்டுவிடுகிறார்கள். இதைச் சுட்டிக்காட்டி ஸ்க்ரீன்ஷாட்டோடு மெயில் போட்டதற்கு, 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று பதில் வந்தது. தாமதம் பற்றிக் கேட்டபோதும் இதே வாக்கியம்தான்.

திரையைப் போனோடு இணைக்கும் ஆப் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. பிளே ஸ்டோரில் இல்லை, அவர்கள் தளத்திலிருந்து ஏபிகே (ஆப்பை நேரடியாக நிறுவும் கோப்பு) இறக்கிப் போட வேண்டுமாம். போட்டதும் நோட்டிஃபிகேஷன் அனைத்தையும் படிக்க அனுமதி கேட்கிறது. பல போன்களில் வங்கி ஓடிபியும் அதில் அடக்கம் என்பதை யாரும் சொல்வதில்லை. அனுமதி கொடுத்தால் அந்த ஓடிபி போனின் முதுகில், எதிரே உட்கார்ந்திருப்பவர் படிக்கிற மாதிரி வந்து நிற்கும். இ-இங்க் ஆயிற்றே, சார்ஜ் தீர்ந்தாலும் கடைசியாக வந்த செய்தி அழியாது. வீட்டுச் சண்டையின் ஒரு வரியைத் தாங்கிக்கொண்டு என் போன் ஒரு முழு மதியம் அலுவலக மேசையில் கவிழ்ந்து கிடந்தது. சார்ஜும் வாரக்கணக்கில் நிற்கவில்லை. படத்தை வைத்திருக்கத்தான் மின்சாரம் வேண்டாம், போனோடு பேசும் ப்ளூடூத் விழித்திருக்க மின்சாரம் வேண்டாமா?

செலவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'வரி உட்பட' என்பது அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் மட்டும்தான். இங்கே கூரியர்காரர்கள் ஆதார் நகல் கேட்டு, சுங்க வரியோடு தங்கள் கட்டணத்தையும் சேர்த்து வாங்கினார்கள். பாதி விலை முழு விலையானது. திருப்பி அனுப்புகிறேன் என்றால் சீன முகவரிக்கு என் செலவில் அனுப்ப வேண்டும், சோதித்த பிறகு 'பரிசீலிப்போம்' என்றார்கள். வசூல் செய்த தளமோ தான் வெறும் மேடை என்று கையை விரித்துவிட்டது.

இந்தத் துறையில் இது புதிதும் அல்ல. ஐபோன் உறையில் இ-இங்க் திரை வைத்த பாப்ஸ்லேட் நிறுவனம், முதல் மாடலை வெளியிட்ட பிறகு, 2016இல் இண்டிகோகோ என்ற கிரவுட்ஃபண்டிங் தளத்தில் இரண்டாவது மாடலுக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. 2017 தொடக்கத்தில் நிறுவனத்தை மூடுவதாக அறிவித்தது. பணம் கட்டியவர்களுக்கு உறையும் இல்லை, பணமும் இல்லை. ஒரு முறை பொருளைக் கொடுத்தவர்கள் என்பதால் மறுமுறையும் கொடுப்பார்கள் என்று நம்ப முடியாது. இன்னொரு வசூல் தளமான கிக்ஸ்டார்ட்டர் 2012லேயே 'நாங்கள் கடை அல்ல' என்று வெளிப்படையாக எழுதிவிட்டது. கடை மாதிரி பொத்தானும் தள்ளுபடியும் வைத்திருப்பதால் நாம்தான் கடை என்று நினைத்துக்கொள்கிறோம்.

இன்னும் கட்டாதவர்கள், வெட்டாமல் எடுத்த ஒரு வீடியோவைக் கேளுங்கள்: தமிழ்ப் பக்கம், இருட்டறை, தொடர்ந்து நாலைந்து பக்கம் மாற்றுவது. கண்ணுக்காக மட்டும் என்றால், திருப்பிக் கொடுக்கும் வசதியுள்ள கடையில் சாதாரண இ-புக் ரீடர் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் டெலிவரி தேதி இருக்கும் பக்கத்தை இன்றைக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பின்னால் அந்தத் தேதியை மாற்றிவிடுகிறார்கள். முதலில் சொன்ன தேதி தாண்டியதுமே கார்டு கொடுத்த வங்கிக்குப் புகார் எழுதுங்கள். புகாருக்குக் கால வரம்பு உண்டு, 'அடுத்த மாதம் அனுப்புகிறோம்' என்கிற ஒவ்வொரு மெயிலும் அதைத்தான் தின்றுகொண்டிருக்கிறது.