உப்பளத்துக்கு எந்த கேமராவை எடுத்துப் போவது?

தூத்துக்குடி உப்பளத்தில் காலை ஒன்பது மணிக்கு மேல் கேமராவை வெளியே எடுக்காதே என்று என்னிடம் வேலை பழக வரும் பையன்களிடம் சொல்வேன். வெயில் மேலிருந்து அடிப்பது போதாதென்று, கீழே கிடக்கும் உப்பில் பட்டும் திரும்பி அடிக்கும். அவ்வளவு வெள்ளையைப் பார்த்ததும் வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர் மிரண்டு வெளிச்சத்தைக் குறைத்துவிடும். படத்தில் உப்பு அழகான சாம்பல் நிறத்தில் விழுந்திருக்கும், உப்பு வாரும் பெண்ணின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நிழல் மட்டும் இருக்கும்.

1996 முதல் அந்தப் பாத்திகளுக்குப் போய்வருகிறேன். முதலில் ஃபிலிம், அப்புறம் டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த டிஜிட்டல் கேமரா), இப்போது மிரர்லெஸ் (அந்தக் கண்ணாடி இல்லாதது), நடுவில் ஒரு முறை வெறும் போன். கல்யாண வேலைக்கு எது நல்லது என்பது வேறு கணக்கு. ஊர் ஊராகப் போய், முன்பின் தெரியாத ஒருவரை நேருக்கு நேர் நிறுத்திப் படம் எடுக்க எது தோது என்பதுதான் இங்கே பேச்சு. மெகாபிக்சல் பற்றிப் பேசப் போவதில்லை. எதிரே நிற்பவருக்கு ஒவ்வொரு கேமராவும் என்ன செய்கிறது என்பதுதான் என் கவலை.

என் முதல் சொந்தக் கேமரா, செகண்ட் ஹேண்டில் வாங்கிய நிக்கான் எஃப்எம்2. 1982இல் வந்த மாடல். பாட்டரி மீட்டருக்கு மட்டும்தான், அது தீர்ந்துபோனாலும் ஷட்டர் விழும். உப்பளத்தில் மீட்டரை நம்ப முடியாது என்பதால், முகத்தில் விழும் அதே வெயிலில் என் உள்ளங்கையை நீட்டி அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டி, அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்காக்கி, வைத்துக்கொள்வேன். ரோலுக்கு 36 படம். ராஜஸ்தானில் புஷ்கர் ஒட்டகச் சந்தைக்கு எட்டு ரோல் கொண்டுபோனேன். ஐந்து நாளுக்கு 288 படம். இன்று அதை ஒரு மதியத்தில் தீர்த்துவிடுகிறோம். கையிருப்பு அவ்வளவுதான் என்னும்போது, எடுப்பதற்கு முன்னால் பேசத்தான் வேண்டியிருந்தது. உட்கார்ந்து, டீ குடித்து, ஒட்டகத்தின் விலையை விசாரித்து, அரை மணி நேரம் கழித்து இரண்டு படம். அந்த அரை மணி நேரம் முகத்தில் தெரியும்.

ஆனால் ஃபிலிமைப் பற்றி இப்போதைய இளைஞர்கள் உருகுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. கலர் நெகட்டிவை 38 டிகிரியை ஒட்டிய மருந்தில் மூன்றேகால் நிமிடம் வைக்க வேண்டும். சூடு கொஞ்சம் மாறினாலும், மருந்து பழசானாலும் கதை முடிந்தது. புஷ்கர் ரோல்களில் இரண்டு அப்படித்தான் போயின. லேப்காரர் பச்சையடித்த நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "வேணும்னா இன்னொரு ரோல் ஃபிரீயா தாரேன் தம்பி" என்றார். ராஜஸ்தானையும் சேர்த்துத் தருவாரா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

ஃபிலிமின் பெரிய குறை அதுகூட இல்லை. 1997இல் ஒரு ஆச்சியை உப்பு அம்பாரத்துக்கு முன்னால் நிறுத்தி நான்கு படம் எடுத்தேன். "எய்யா, படம் எப்பய்யா வரும்?" என்று கேட்டார். அடுத்த மாதம் கொண்டுவருகிறேன் என்றேன். கழுவி, பிரிண்ட் போட்டு, வேறு வேலைகளில் மாட்டி, மறுபடி போனபோது இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆச்சி இல்லை. அந்த மேக்ஸி சைஸ் பிரிண்ட் இன்னும் என் மேஜை டிராயரில் கிடக்கிறது. பயணப் படக்காரர்கள் எல்லோரிடமும் இப்படி ஒரு டிராயர் இருக்கும்.

ஃபிலிம் காலம் முடிந்ததை எங்கள் பக்கத்தில் ஊட்டியை வைத்துத்தான் உணர்ந்தோம். இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' கருப்பு வெள்ளை ஃபிலிமில் தொழில் பழகியவர்கள் இங்கே நிறையப் பேர். அரசு ஆலை அது, இன்று இயங்கவில்லை. கோடாக்ரோம் ஸ்லைடு ஃபிலிம் தயாரிப்பு 2009இல் நின்றது. அதன் கடைசி ரோலை அமெரிக்கப் புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரியிடம் கொடுத்தார்கள். அவர் அதில் ஒரு பகுதியை நம் ராஜஸ்தானில், ஆடுமாடு, ஒட்டகம் மேய்க்கும் ரபாரி மக்களின் முகங்களுக்குச் செலவழித்தார். உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றிருந்தும் அவர் அங்கே வந்தார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

இன்று ஃபிலிமுக்கே திரும்பலாமா என்று கேட்டால், ஒரு ரோல் வாங்கிக் கழுவி ஸ்கேன் செய்ய ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. விமான நிலையங்களில் வந்திருக்கும் புதிய சிடி ஸ்கேனர்கள் கழுவாத ஃபிலிமில் மூட்டம் போட்டுவிடும், கையால் சோதிக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். பழகுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், தொலைதூரப் பயணத்துக்கு நம்பாதீர்கள்.

2004இல் நிக்கான் டி70 வாங்கினேன். ஆறு மெகாபிக்சல். அதன் முதுகில் இருந்த சின்னத் திரைதான் என் தொழிலை மாற்றியது. எடுத்த உடனே திருப்பிக் காட்டலாம். உப்பளத்துப் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து பார்த்துச் சிரித்து, "என்னைய இன்னொண்ணு எடு" என்று அவர்களே வந்து நின்றார்கள். அதுவரை படம் என்னுடையதாக இருந்தது. திரை வந்த பிறகு அவர்களுக்கும் அதில் ஒரு பேச்சு வந்தது. கண் மூடியிருந்தால் அழிக்கச் சொல்வார்கள். நானும் அழித்தேன், ஃபிலிமில் அது முடியாத காரியம்.

இதற்கு விலையும் உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் குனிந்து திரையைப் பார்க்கும் வியாதி வந்தது. நான் குனிந்திருக்கும் அந்த இரண்டு விநாடியில்தான் எதிரே இருப்பவர் இறுக்கம் தளர்ந்து இயல்பாகிறார். எத்தனை நல்ல முகங்களை என் உச்சந்தலை பார்த்ததோ தெரியாது.

டிஎஸ்எல்ஆரா மிரர்லெஸ்ஸா என்ற சண்டை எனக்கு அலுத்துவிட்டது, இருந்தாலும் உப்பளம் அதற்கு நல்ல பதில் தருகிறது. மிரர்லெஸ்ஸில் வியூஃபைண்டருக்குள்ளேயே படம் எப்படி விழும் என்று தெரிகிறது. வெள்ளை உப்புக்கு முன்னால் முகம் இருட்டுவதைக் கண்ணால் பார்த்தபடி வெளிச்சத்தைக் கூட்டலாம். என் உள்ளங்கை வித்தைக்கு வேலையே இல்லை. கண்ணைத் தேடிப் பிடிக்கும் போக்கஸும் இருப்பதால், 85 எம்எம் லென்ஸை எஃப்1.8இல் அகலத் திறந்து, கூர்மை மிகக் குறுகிய ஆழத்துக்கே இருக்கும்படி வைத்தாலும் இமையில் கூர்மை நிற்கிறது. பாட்டரியில் மட்டும் டிஎஸ்எல்ஆர்தான் ராஜா: நிறுவன அளவீட்டில் நிக்கானின் டிஎஸ்எல்ஆரான டி750க்கு ஒரு சார்ஜில் 1230 படம், மிரர்லெஸ்ஸான இசட்6க்கு 310. நடைமுறையில் இரண்டுமே இன்னும் கூட வரும், ஆனாலும் கரண்ட் இல்லாத ஊருக்குப் போனால் மூன்று பாட்டரி கட்டாயம். உப்புக் காற்றில் லென்ஸ் மாற்றுவதையும் மறந்துவிடுங்கள். மிரர்லெஸ்ஸில் குறுக்கே கண்ணாடி இல்லாததால் தூசி நேராக, படத்தைப் பதியும் சென்சாரில் போய் உட்காரும்.

ஓசை இல்லாத ஷட்டரைப் பற்றி எல்லோரும் புகழ்கிறார்கள். நான் அதை அணைத்து வைத்திருக்கிறேன். 'டக்' என்ற சத்தம் எதிரே இருப்பவருக்கு ஒரு தகவல்: எடுத்தாகிவிட்டது, மூச்சு விடலாம். சத்தமே இல்லாமல் எடுத்துக்கொண்டிருந்தால் அவருக்கு எப்போது முடியும் என்று தெரியாது. தவிர, குலசேகரப்பட்டினம் தசராவில் அதைப் போட்டுப் பட்டபாடு போதும். காளி வேஷம் கட்டியவர்கள் டியூப்லைட்டுக்கும் சீரியல் செட்டுக்கும் நடுவே நிற்கிறார்கள், அந்த விளக்குகளின் துடிப்பில் படமெல்லாம் பட்டை பட்டையாகக் கோடு. போதாததற்கு, நெற்றியில் வரைந்த மூன்றாவது கண்ணில் போய் போக்கஸ் நின்றது. அம்மன் அருள் என்று விட்டுவிட்டேன்.

போனுக்கு வருவோம். உப்பள வெயிலில் போன் தோற்றுவிடுகிறது, காரணம் லென்ஸ் இல்லை. திரையில் ஒன்றுமே தெரியாது. போன் சூடேறினால் வெளிச்சத்தையும் தானே குறைத்துக்கொள்ளும், அப்புறம் குத்துமதிப்பாக அமுக்க வேண்டியதுதான். மெயின் லென்ஸ் அகலமானது, கிட்டே போனால் மூக்கு முன்னால் வந்து நிற்கும். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஜூமுக்குப் போய்க் கொஞ்சம் தள்ளி நின்று எடுங்கள். போர்ட்ரெய்ட் மோடு பின்புலத்தைக் கணக்குப் போட்டுத்தான் மங்கலாக்குகிறது. கணக்கு தவறினால் மல்லிகைச் சரத்தில் பாதியும் ஜிமிக்கியில் பாதியும் காற்றில் கரைந்துவிடும்.

நிழலான திண்ணை, டீக்கடை, ரயில் பெட்டி என்றால் போன் மற்ற எல்லாவற்றையும் ஜெயிக்கிறது. யாரும் அதைப் பார்த்து விறைப்பதில்லை. காசியில் படகோட்டி ஒருவர் என் பெரிய கேமராவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போனை எடுத்தபோது அவரும் தன் போனை எடுத்து என்னைப் படம் பிடித்தார். டிராயர் பிரச்சினையும் இல்லை, பேரனின் வாட்ஸ்அப்புக்கு அங்கேயே அனுப்பிவிடலாம்.

எனக்குப் போனோடு உள்ள சண்டை தோல் நிறத்தில். இது புதுச் சண்டையும் அல்ல. கலர் சரிபார்க்க கோடாக் லேப்களுக்குக் கொடுத்த 'ஷெர்லி கார்டு' பல காலம் வெள்ளைக்காரப் பெண்ணின் படமாகத்தான் இருந்தது. இன்று பல போன்கள் கேட்காமலே முகத்தை வெளுத்து, சுருக்கத்தை இஸ்திரி போட்டுவிடுகின்றன. 2021இல் கூகுள் பிக்சல் 6இல் கருத்த தோலை உள்ளபடி காட்டவே 'ரியல் டோன்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது, நல்ல விஷயம். மற்றவற்றில் பியூட்டி மோடைத் தேடி அணைத்துவிட்டு எடுங்கள்.

இப்போது நான் கொண்டுபோவது ஒரு மிரர்லெஸ், ஒரே ஒரு 50 எம்எம் லென்ஸ், அத்தோடு ஏடிஎம் கார்டு அளவில் பிரிண்ட் தரும் சின்ன இன்ஸ்டாக்ஸ் பிரிண்டர். படத்தைப் போனுக்கு மாற்றி அங்கேயே பிரிண்ட் போட்டுக் கையில் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவது. ஒரு பிரிண்ட்டின் விலையைப் பார்த்தால் வலிக்கும், டிராயரை நினைத்துக்கொள்வேன்.

போன தடவை உப்பளத்தில் ஒரு அக்காவுக்கு அப்படி ஒன்று கொடுத்தேன். வெயிலில் கருத்த முகம், புருவத்தில் உப்புத் துகள், எல்லாம் அப்படியே விழுந்திருந்தது. எனக்கு ஏகத் திருப்தி. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இடுப்பிலிருந்து தன் போனை எடுத்து மகள் எடுத்த படம் ஒன்றைக் காட்டினார். பளபளவென்று வெள்ளை வெளேரென இருந்தார்.

"இதுல நான் நல்லா இருக்கேம்லா அண்ணாச்சி? உங்க மிஷினுல இதையும் ஒண்ணு போட்டுத் தாங்களேன்."

போட்டுக் கொடுத்தேன்.